தாய்லாந்துப் பெண்ணை மணந்தால் நிரந்தரமாகத் தங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு பாங்காக்கில் குடியிருக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை, அந்தக் குடும்பத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது, அந்நாட்டுப் பெண்ணை மணந்ததால் அவருக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்துவிட்டது என்று. அது தவறு. சின்னத் தவறுதானே என்று விட மனசு வரவில்லை, ஏனென்றால் இதே நினைப்போடு வந்து மாட்டிக்கொண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன்.

நான் 2014-இல் இங்கே திருமணம் செய்துகொண்டேன். மனைவி வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர், இசான் என்பார்கள். முதல் சில ஆண்டுகள் அவருடைய ஊரில் இருந்தோம், இப்போது பாங்காக்கில் இருக்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் குடிவரவு அலுவலகத்துக்குப் போய், இன்னும் ஓராண்டு தங்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டுத்தான் இருந்துகொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் திருமணம் எனக்குத் தந்தது, ஆண்டுக்கு ஒரு முறை கேட்பதற்கான தகுதி.

எல்லோரும் "மேரேஜ் விசா" என்று சொல்கிறார்கள். அப்படி ஒரு விசா தனியாகக் கிடையாது. முதலில் "நான்-இமிக்ரன்ட் ஓ" என்ற விசா, அதாவது குடியேறாமல் தங்குவதற்கானது, 90 நாளைக்கு. அந்த 90 நாளுக்குள், தாய்லாந்துக் குடிமகளின் கணவன் என்ற காரணத்தைக் காட்டி, தங்கும் காலத்தை ஓராண்டு நீட்டிக்கக் கேட்க வேண்டும். டிஎம் 7 என்ற படிவம், கட்டணம் 1,900 பாட். காலம் முடிய 30 நாள் இருக்கும்போதே கொடுத்துவிடலாம். கடைசி வாரம் வரை இழுத்தடிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஏதாவது ஒரு காகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். எனக்கு முதல் நான்கு ஆண்டும் அப்படித்தான் நடந்தது.

பணக் கணக்கு இது. கணவன் வெளிநாட்டவர் என்றால், அவர் பெயரில் தாய்லாந்து வங்கிக் கணக்கில் 4 லட்சம் பாட் இருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதமாகக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 4 லட்சம் பாட் என்றால் நம் ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டும். மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கை நம்பிப் போகாதீர்கள், உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வையுங்கள். விண்ணப்பிக்கும் அன்று காலையில் வங்கியில் போய் ஒரு 100 பாட் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதி பதிய வைத்து, வங்கிக் கடிதமும் வாங்கிக்கொண்டு நேராக அலுவலகம் போவதுதான் வழக்கம். நேற்றைய தேதிக் கடிதத்தோடு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தவன் நான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பெண் தாய்லாந்து ஆணை மணந்திருந்தால் இந்த 4 லட்சம் விதி அவருக்குக் கிடையாது. கணவன்தான் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவான் என்ற பழைய நினைப்பு அப்படியே விதியாகிவிட்டது. என் மனைவி என்னைவிட அதிகம் சம்பாதித்த ஆண்டுகள் உண்டு, அந்தச் சம்பளச் சீட்டுகள் அந்த மேசையில் கணக்கில் வரவில்லை. 2025 ஜனவரி 23 முதல் இந்த நாட்டில் ஒரே பாலினத்தவரும் சட்டப்படி திருமணம் பதியலாம், சட்டத்தில் கணவன் மனைவி என்று இருந்த இடத்தில் துணைவர் என்று மாற்றிவிட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்கள் இந்தப் பண விதியையும் இரு பக்கமும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

காகிதங்களுக்கு வருகிறேன். திருமணச் சான்றிதழ் மட்டும் போதாது, கோர் ரோர் 2 என்ற திருமணப் பதிவேட்டு நகலை மாவட்ட அலுவலகத்தில், இங்கே அம்ப்போ என்பார்கள், ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வாங்க வேண்டும். இன்றைக்கும் நீங்கள் கணவன் மனைவிதான், பிரிந்துவிடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நம் ஊரில் கல்யாணம் செய்து பதிந்தவர்கள், அந்தச் சான்றிதழைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தில் சான்று பெற்று, அம்ப்போவில் பதிந்து கோர் ரோர் 22 என்ற காகிதத்தை வாங்க வேண்டும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஊரே கூடி நடந்த கல்யாணமாக இருக்கலாம், அம்ப்போ ஏட்டில் ஏறும் வரை இங்கே அதற்கு மதிப்பு இல்லை. அப்புறம் மனைவியின் அடையாள அட்டை, தபியன் பான் என்ற நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், புகைப்படங்கள்.

இந்தப் புகைப்படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் கதவு எண் தெரிகிற மாதிரி இருவரும் நிற்கும் படம், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் படம், படுக்கையறையில் ஒரு படம். முதல் ஆண்டு எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. மனைவியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, எவரோ ஒரு அதிகாரி பார்ப்பதற்காகப் படம் எடுத்துக்கொள்வதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறேன். மனைவி அமைதியாகச் சொன்னார், "காசு வாங்கிக்கொண்டு பெயருக்குக் கல்யாணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நாம் அப்படி இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?" சரி என்று விட்டுவிட்டேன். இரண்டாம் ஆண்டு அதிகாரிகள் இருவர் வீட்டுக்கே வந்தார்கள். மாமியார் பாய் விரித்து உட்கார வைத்து, தண்ணீரும் கொய்யாப் பழமும் கொடுத்தார். அவர்கள் கேட்டது நாலைந்து கேள்விதான். மாப்பிள்ளை தினமும் இங்கேதான் தூங்குகிறாரா, என்ன வேலை செய்கிறார், உங்கள் மகளோடு எந்த மொழியில் பேசுகிறார். சாட்சியாகப் பக்கத்து வீட்டு அம்மா கையெழுத்துப் போட்டார். போகும்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியைப் பார்த்துவிட்டு ஒருவர் அது என்ன என்று கேட்டார். மாமியார் இடுப்பில் கட்டிக் காட்டினார்! அந்த வருகையால் எங்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டதும் ஓராண்டு முத்திரை குத்திவிட மாட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று சுமார் 30 நாளைக்கு ஒரு முத்திரை குத்துவார்கள், அந்தத் தேதியில் திரும்பப் போனால்தான் ஓராண்டு கிடைக்கும். இறுதி முத்திரை விழும் வரை அந்த 4 லட்சத்தில் கை வைக்கக் கூடாது. சிலர் விண்ணப்பம் கொடுத்ததுமே வேலை முடிந்தது என்று பணத்தை எடுத்துவிடுகிறார்கள், சிலர் திரும்பப் போக வேண்டிய தேதியையே மறந்துவிடுகிறார்கள். தேதி தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால், தானாகவே வந்து அபராதம் கட்டி வெளியேறினாலும் ஓராண்டுக்கு நாட்டுக்குள் வர முடியாது. அப்படி இருக்கும்போது போலீஸ் பிடித்தால் குறைந்தது ஐந்து ஆண்டு.

இப்போது நான் மாட்டிய கதை. 2024 செப்டம்பரில் அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று ஊரிலிருந்து இரவு பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. விடியற்காலை விமானம். பாஸ்போர்ட், மாற்றுத் துணி இரண்டு, மகள் தாத்தாவுக்கு வரைந்த ஒரு படம், இவ்வளவுதான் பையில். ஓராண்டு அனுமதி கையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், போகும் முன்பே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். டிஎம் 8 படிவம், ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அது இல்லாமல் எல்லையைத் தாண்டிய நொடியே அந்த ஓராண்டு அனுமதி செத்துவிடும். எனக்கு இது தெரியாதா, நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் வாங்கித்தான் போவேன். சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள்ளேயே அதற்கு ஒரு கவுன்டர் இருக்கிறது, அதைக் கடந்துதான் போனேன். அந்த இரவில் மூளையில் வேறு எதுவும் இல்லை. அப்பாவைப் பார்த்தேன், மூன்றாம் நாள் போய்விட்டார். காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அந்த அதிகாரி பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநுழைவு அனுமதி எங்கே என்று கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியர்களுக்கு 60 நாள் விசா இல்லாத நுழைவு கொடுத்திருந்தார்கள், அதனால் சுற்றுலாப் பயணிபோல உள்ளே விட்டார்கள். என் வீட்டுக்கு, என் மகள் படிக்கும் ஊருக்கு, சுற்றுலாப் பயணியாக வந்தேன். மறுபடி முதலிலிருந்து. 2,000 பாட் கட்டி ஓ விசாவுக்கு மாற்றி, 90 நாள் வாங்கி, அதற்குப் பின் நீட்டிப்பு. இதற்குள் கணக்கில் இருந்த பணத்தில் ஒரு பகுதியை அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்பியிருந்தேன். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, கழுத்தில் இருந்த இரண்டு பாட் சங்கிலியைக் கழற்றித் தன் மகளிடம் கொடுத்தார். (இங்கே தங்கத்தின் எடைக்கும் பாட் என்றுதான் பெயர், ஒரு பாட் பதினைந்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே.) அந்தச் சங்கிலியும் மனைவியின் சேமிப்பும் சேர்ந்துதான் என் கணக்கை 4 லட்சத்துக்குக் கொண்டுவந்தன. அதனால் சொல்கிறேன், ஓராண்டு முத்திரை விழுந்த அன்றே, அதே அலுவலகத்தில், பல முறைக்கான மறுநுழைவு அனுமதியையும் வாங்கிவிடுங்கள். 3,800 பாட் அதிகம்தான். ஆனால் ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்களுக்கு எந்த ராத்திரி ஃபோன் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஏஜென்ட்டுகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்புகிற பையன்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். நேர்மையாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், காகிதங்களை அடுக்கித் தருவார்கள், மொழிபெயர்த்துத் தருவார்கள், அதில் தப்பில்லை. நான் சொல்வது, "பணம் வேண்டாம், படம் வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்கள்" என்பவர்களை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி, மனைவி அப்போது மாசமாக இருந்தார், அப்படி ஒருவரிடம் பாஸ்போர்ட்டையும் காசையும் கொடுத்தார். பத்தே நாளில் முத்திரையோடு பாஸ்போர்ட் திரும்ப வந்தது. அவர் வாழ்நாளில் போகாத ஒரு மாகாணத்து அலுவலகத்தின் முத்திரை. என்னிடம் காட்டினார், எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அண்ணன் சொன்னால் கேள் என்று எவ்வளவோ சொன்னேன். சில மாதம் கழித்து ஊரில் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டவரை விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். கணினியில் அப்படி ஒரு நீட்டிப்பே இல்லை. 20,000 பாட் அபராதம், ஓராண்டுத் தடை. குழந்தை பிறந்ததை ஃபோனில்தான் பார்த்தார். பணம் வாங்கியவரின் எண் அதற்குள் மாறியிருந்தது. இதைவிடக் கொஞ்சம் நாசூக்கான வழியும் உண்டு, உங்கள் பெயரில் கணக்குத் திறந்து இரண்டு மாதத்துக்கு அவர்களே பணம் போட்டு எடுப்பார்கள். அந்தக் கணக்கு உங்கள் பெயரில், அந்தக் கையெழுத்து உங்களுடையது. நாளைக்குக் கேள்வி வந்தால் நிற்கப்போவதும் நீங்கள்தான், அவர் அல்ல.

வேலை விஷயமும் அந்தக் கட்டுரையில் குழப்பமாக இருந்தது. ஓராண்டு தங்கும் அனுமதி வேலை செய்யும் அனுமதி ஆகாது. வேலை அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். மனைவி பெயரில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் நின்று பரோட்டா போட்டாலும் அது வேலைதான், பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டை விட்டு அனுப்பவும் செய்வார்கள். குடும்பக் கடை, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்கக் கூடாது.

அப்புறம் 90 நாளுக்கு ஒரு முறை நான் இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று தெரிவிப்பது, டிஎம் 47. தவறினால் 2,000 பாட் அபராதம். வெளிநாட்டவர் தன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய டிஎம் 30 என்ற அறிவிப்பு வேறு, நம் விஷயத்தில் வீட்டுக்காரர் பெரும்பாலும் மனைவியோ மாமியாரோதான், அவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். பாஸ்போர்ட் காலாவதி ஆகும் தேதிக்கு மேல் நீட்டிப்பு தர மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் பழகிவிட்டால் சுமையாகத் தெரியாது.

பழகாத ஒன்று உண்டு, வீட்டில் யாரும் பேச விரும்பாதது. இந்த அனுமதி முழுக்க இன்னொரு மனிதரின் பெயரில் தொங்குகிறது. விவாகரத்து ஆனால் அந்த அடிப்படை அன்றோடு போயிற்று. மனைவி இறந்துவிட்டால் அடுத்த ஆண்டு அதே காரணத்தைச் சொல்லிக் கேட்க முடியாது. 20 வயதுக்குள் தாய்லாந்துக் குடியுரிமை உள்ள பிள்ளை உங்களோடு இருந்தால் பிள்ளையின் பெற்றோர் என்று கேட்கலாம். 50 வயது தாண்டியவர் ஓய்வுக்காலத் தங்கல் என்று கேட்கலாம், அதற்கு 8 லட்சம் பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 வருமானம். இரண்டும் இல்லாதவர் என்ன செய்வார்? மனைவியை இழந்த துக்கத்தோடு, வீடும் நிலமும் மனைவி பெயரில் (வெளிநாட்டவர் பெயரில் இங்கே நிலம் வாங்க முடியாது), முத்திரைத் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நானும் மனைவியும் இதைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். பேசுவதற்கே அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பேசி முடித்து, உயில் எழுதிவைத்தோம்.

உண்மையான நிரந்தரத் தங்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறது, அது வேறு. ஓராண்டு நீட்டிப்புகளில் தொடர்ந்து மூன்று ஆண்டு இருந்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். தாய்லாந்து மொழியில் நேர்காணல் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் 7,600 பாட், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கிடைத்தால், தாய்லாந்துக் குடிமகளின் கணவருக்கு 95,700 பாட் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டு என்று சொன்னேன் அல்லவா, அந்த ஒரு 1,000 பாட் மறந்ததில் எனக்கு அந்தக் கணக்கும் முதலிலிருந்து ஆரம்பமாகிவிட்டது. குடியுரிமைக்கும் வழி உண்டு, ஆனால் அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் நாடு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அம்மா உயிரோடு இருக்கும் வரை நான் அதைப் பற்றி நினைக்கப்போவதில்லை.

அதனால் நான் கேட்பது, அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். நிரந்தரம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை நீட்டித்துக்கொள்ள வேண்டிய அனுமதி என்று போடுங்கள். முடிந்தால் மறுநுழைவு அனுமதியைப் பற்றி மட்டுமாவது இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். கட்டுரையில் வந்த அந்தப் பையனிடம் உங்கள் நிருபர் மறுபடி பேசினால், அடுத்து ஊருக்கு வரும் முன் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு இந்த ஆண்டின் தேதி நெருங்குகிறது. கோர் ரோர் 2 வாங்க மனைவி நாளைக் காலை கிளம்புகிறார், வாசலில் எடுக்க வேண்டிய படத்தை மகள் இன்று சாயங்காலம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பாங்காக்கிலிருந்து உங்கள் வாசகர்